சிலுவைக்கொடியில் காய் பிடித்த வருஷம்

காப்பி பட்டுப்போய்த் தேயிலை வந்திருந்த காலம். இலங்கையில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரத் துரை பங்களாவின் பூந்தோட்டக்காரர். குசினிச் சுவரை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒழுகாத கூரை, சுவரில் எந்நேரமும் அடுப்புச் சூடு. அதற்கு முன் மலை வேலைக்காரர் குடியிருக்கும் வரிசைவீடான லயத்தில் இருந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் குளிரில் சளி கட்டிப் போய்விட்டன. இப்போது மூன்றாவது வயிற்றில். அந்த அறையை விட்டு இறங்கினால் இதுவும் தங்காது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

துரைக்கு ஒரு கொடிமேல் பைத்தியம். எங்கிருந்தோ தண்டு வரவழைத்து, மூங்கில் பந்தல் போட்டு, வேரடியில் சாணமும் சருகுமாகக் கொட்டி வளர்க்கச் சொன்னார். கொடி பந்தலை மூடிப் படர்ந்து கை அகலத்துக்குப் பூத்தது. ஊதாவும் வெள்ளையுமாய் இழைகள். வாசனையோ பங்களா வாசல்வரை! ஆனால் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. துரைக்கு அதன் பழத்தில்தான் உயிர். ஏதோ விசாரித்துக்கொண்டு வந்து, என் வீட்டுக்காரரிடம் ஒரு கோழி இறகைக் கொடுத்தார். காலையில் பூ விரிந்ததும், அதிலுள்ள மஞ்சள் தூளை இறகால் எடுத்து, நடுவில் நிற்கும் மூன்று முனைகளிலும் தடவ வேண்டும். தடவிய பூக்களில் பிஞ்சு பிடித்தது. “இந்தக் கொடிக்கு நான்தான் வண்டு” என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தார் என் மனுஷர்.

அந்தச் சமயத்தில்தான் சாமியார் வந்தார். ஹல்துமுல்லைப் பக்கமிருந்து குதிரையில் வந்து எங்களைப் போன்ற தோட்டத்து வேதக்காரக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைப்பவர் அவர். துரையைப் பார்க்க வந்த இடத்தில், பந்தலடியில் நின்ற எங்களைக் கூப்பிட்டு ஒரு பூவைக் கிள்ளிக் காட்டினார். சுற்றியிருக்கும் இழை முள்முடியாம். மஞ்சள் தூள் ஒட்டிய ஐந்தும் ஐந்து காயமாம். நடுவில் நிற்கும் மூன்றும் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த ஆணிகளாம்; அதனால்தான் இது சிலுவைக்கொடியாம். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் குதிரையேறிப் போய்விட்டார். அவருக்கென்ன, சொன்னதோடு வேலை முடிந்தது. அந்தக் கொடியோடு குடியிருந்தது நாங்களல்லவா?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே என் புருஷன் தினமும் காலையில் ஆணியைத் தொட்டுத் தடவுகிறார், இங்கே என் வயிற்றில் பிள்ளைக்குக் கை கால் உருவாகிக்கொண்டிருக்கிறது. அது எந்தக் குறையோடு வந்து பிறக்குமோ? பிள்ளை புரண்டால் பயம், புரளாவிட்டால் அதைவிடப் பயம்.

“ஏங்க, அந்த வேலைய விட்டுருங்க. புள்ளைக்கு ஆகாது.”

“அட போ புள்ள! சாமியாரு பூவுல ஆணியக் காட்டுறாரு, தொர அதே பூவுல காயக் கேக்குறாரு. நான் யாரு பேச்சக் கேக்குறது?”

“எம்பேச்சக் கேளுங்க. ரெண்டப் பறிகொடுத்தவ நானு.”

அவர் இறகை என்னிடம் நீட்டினார். வாங்கி அடுப்பில் போட்டேன்.

பிறகு பூத்த பூக்களெல்லாம் வாடி உதிர்ந்தன. முன்பு பிடித்த பிஞ்சுகளும் ஒரு பெருமழையில் அழுகி விழுந்தன. துரை பந்தலடிக்கு வந்து, உதிர்ந்து கிடந்ததைப் பூட்ஸ் காலால் தள்ளிப் பார்த்தார்.

“பூ நெறைய விழுது. காய் எங்கே?”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அடுத்த கிழமை, ஏழு நாள்லே நான் பாக்கும். காய் இல்லே, நீ மலை வேலைக்குப் போ. லயத்துக்குப் போ.”

எனக்கு ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் லயம். யாரைப் போய்க் கேட்பது? சாமியார் மறுபடி வர மாதமாகும். வேறு இறகு தேடப் போன வீட்டுக்காரரைத் தடுத்தேன். தகப்பன் செய்தால் பாவம் பிள்ளை தலையில் விழும். நானே செய்தால் என்மேல் விழட்டும். குற்றவாளி முன்னால் நிற்கும்போது ஆண்டவர் எதற்காக வயிற்றுக்குள் தேடப் போகிறார்? பயந்தவள் புத்தி அப்படித்தான் ஓடியது.

மறுநாள் காலை முக்காலியைப் போட்டு ஏறினேன். விரலாலேயே தூளை எடுத்தேன். பாதி கீழே கொட்டியது.

“சேசுவே, கோவம்னா எம்மேல காட்டுங்க. உள்ள இருக்குறத விட்டுருங்க.”

ஒவ்வோர் ஆணிக்கும் அதையே சொன்னேன். தண்ணீர் வாளியோடு வந்த வீட்டுக்காரர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

காய் பிடித்தது. வௌவால் கடிக்காமல் சாக்குத்துணி கட்டினோம். துரை “சபாஷ்” என்று இவர் தோளில் தட்டினார், லயத்துப் பேச்சு அதோடு நின்றது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. காய் பெருக்கப் பெருக்க என் கிலியும் பெருத்தது.

வலி கண்டதும் வீட்டுக்காரர் மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் துடைத்து என் பக்கத்தில் போட்டதும், மூடியிருந்த கைகளை விரல் விரலாகப் பிரித்து உள்ளங்கைகளைப் பார்த்தேன். இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“என்னாடி தேடுற? எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு” என்று மருத்துவச்சி அதட்டினாள்.

ஓர் ஆணி வடுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவளிடம் கேட்டேன், ஆணா பெண்ணா என்று.