பிஸ்கட்டை ஒதுக்கிய பூனை

எங்கள் பூனை சாப்பாட்டில் வம்பு செய்கிற ரகம் இல்லை. காலையில் ஒரு பிடி பிஸ்கட், சாயங்காலம் ஒரு பிடி. அதுவும் கடையில் இருப்பதிலேயே மலிவானது. தட்டை நக்கி முடித்த பிறகும் என் காலையே சுற்றும். அப்படிப்பட்டது, நான் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல், பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் என்னவோ மண்ணை அள்ளிப் போட்டுவிட்ட மாதிரி நகர்ந்து போனது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் வியாதி என்பார். முதலில் பிஸ்கட்டைச் சந்தேகப்பட்டுப் புதுப் பாக்கெட் பிரித்தேன். தட்டில் சோப்பு வாடை இருக்குமோ என்று வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். பூனைச் சாமான் விற்கும் கடையில் இருந்த பெண், வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்து வாசம் வரவைத்துக் கொடுங்கள், அப்படியும் பட்டினி கிடந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள். திறந்து பார்த்தேன். பல் சுத்தமாக இருந்தது, என் கையில்தான் கீறல். வயிறோ மத்தளம் மாதிரி இருந்தது. பட்டினி கிடக்கிற வயிறா அது?

ஆக, வேறு யாரோ போடுகிறார்கள். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா மீன் பொரித்தால் எங்கள் ஹால் வரை மணக்கும். வேலியோரம் நின்று, பூனை ரொம்பக் கொழுத்துவிட்டது என்று அவர் காதில் விழும்படி சொல்லிவைத்தேன். உன் பூனை என் வாசலை எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

வீட்டில் விரதம் வேறு நடந்துகொண்டிருந்தது. வயிற்றில் கட்டி என்று என்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது, நான் பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டிருந்தார். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அதனால் இவருடைய விரதத்தை நான் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தேன். மீன் சட்டி, கறிச் சட்டி எல்லாம் மூட்டை கட்டி மேலே ஏறிவிட்டன. இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தரையில் பாய். முட்டை சேர்த்த கேக் கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் இவர் செனாயில் இருக்கிற பேக்டரியில் வேலை முடிந்து வந்து, காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றும்போது, பூனை ஓடிவந்து இவர் கையை நக்கியது. சும்மா இல்லை, ஒவ்வொரு விரலாக நக்கியது. இவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எனக்குத் தையல் போட்ட இடத்தில் சுருக்கென்றது. கேன்டீனில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து மீன் தின்கிறாரா? மீன் இல்லாமல் இந்த மனிதருக்குச் சோறு இறங்காது என்பது எனக்குத் தெரியாதா? என் உயிருக்காக எடுத்த விரதத்தை நாக்கு ருசிக்கு விற்றுவிட்டாரா? கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்த முடிவு என்ன ஆகுமோ என்று சாமியறைப் பக்கமே பார்க்க முடியவில்லை.

மறுநாள் இவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டதும் பூனை பின்கதவு வழியாக நழுவியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பின் சந்தில் இவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். பக்கத்தில் பொட்டலம். கையில் பொரித்த மீன்.

"நல்லாருக்குங்களா?" என்று கேட்டேன்.

தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். முள் எடுத்த சதையெல்லாம் பூனைக்கு முன்னால் காகிதத்தில் கிடந்தது.

"சத்தியமா நான் வாயில வெக்கல மா," என்றார்.

வீட்டில் பிஸ்கட் இல்லையா, விரதக்காரர் கையால் தொடுகிற பொருளா இது, எதற்கு இந்தத் திருட்டுத்தனம் என்று பொரிந்து தள்ளினேன். கைக்குட்டையைக் கீழே இறக்கினார்.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப அது ஒண்ணுமே சாப்பிடல. கேட் பக்கமே பாத்துகிட்டு உக்காந்துருந்துச்சு. எனக்குப் பயமா போச்சு. மீன் வாங்கிப் போட்டேன், சாப்பிட்டுச்சு. அன்னைக்குத்தான் நீ கண்ணத் தொறந்த. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி நிறுத்த எனக்கு மனசு வரல லா."

சந்தேகப்பட என்னிடம் எதுவும் மிச்சமில்லை. விரதம் கெட்டுப்போய்விட்டதா என்று அவர் என்னையே கேட்டார். கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மெதுவாகக் கீழே உட்கார்ந்து, மீதி மீனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணும் கெடல. நீங்க போயி குளிங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் முள்ள நான் எடுக்கறேன்."