மருந்து படாத வம்சம்

எங்கள் வீட்டில் கொசுவத்தி ஏற்றக் கூடாது. ஏற்றினால் என் ஓரகத்தியின் வேலைக்கே ஆபத்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவள் பல்கலைக்கழகத்தில் கொசு வளர்க்கிறாள்.

பூச்சிமருந்தே படாமல் தலைமுறை தலைமுறையாக அறைக்குள் வளர்ந்த கொசுக்கள் அவை. வெளிக்கொசு மருந்துக்கு எவ்வளவு பழகிவிட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க, பழகாத கொசு ஒன்று வேண்டுமாம். இந்த வம்சம் அறுந்தால் வேறெங்கும் போய்ப் பிடித்துவர முடியாது. அறைக்கு இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது. உள்ளே தட்டுத் தட்டாகத் தண்ணீரில் புழுக்கள், வலைக்கூண்டுகளில் பெரியவை, அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. அவள் துணியில் கொசுவத்திப் புகை ஒட்டிக்கொண்டு போனால்கூட வினைதான். அவளுடைய செல்லங்கள் சுகமாக இருக்க, நாங்கள் குடும்பத்தோடு கடி வாங்கினோம்.

"ஊரே கொசுவை அடிக்குது, நீ சோறு ஊட்டுறியேக்கா" என்பேன். ஆனால் வீட்டில் கொசுவைக் கண்டால் முதலில் கை ஓங்குகிறவள் அவள்தான். "இது நம்ம ஆளு இல்லடி" என்பாள்.

ஒரு வருடம் அரசாங்கத்தின் பார்வை பேட்டரி பக்கம் திரும்பியது. ஆராய்ச்சிப் பணமெல்லாம் அங்கே போயிற்று. கொசுத் திட்டத்தை இனி நீட்டிக்க மாட்டார்கள் என்று ஆனது. அக்காவின் பேராசிரியர் பழைய விண்ணப்பத்தின் தலைப்பிலேயே பேட்டரியைச் செருகி அனுப்பிப் பார்த்தார். கொசு விரட்டும் கருவிக்கும் பேட்டரி வேண்டும் அல்லவா என்பது அவர் வாதம். என் வீட்டுக்காரர்கூட இதைவிட நன்றாகப் பொய் சொல்வார். போன வேகத்தில் திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில் பேட்டரிப் பேராசிரியர் அக்காவைக் கூப்பிட்டு, தன் ஆய்வகத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். கேட்டதும் நான் கடைக்குப் போய் ஒரு கொசுவத்திப் பெட்டி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

அவள் மறுத்துவிட்டாள்.

"நான் போயிட்டா அதுங்களை யாரு பாப்பா? கொஞ்ச நாள் விட்டாலே முடிஞ்சுது."

"முடியட்டுமே! கொசுதானேக்கா!"

"கொசுதான்" என்று எழுந்து போனாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வீட்டுக்காரருடைய வேலையும் அப்போது ஆட்டம் கண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருந்த அம்மாள் எல்லாத் துறையினரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். "கவர்மென்ட் திரும்புற பக்கமெல்லாம் நாமளும் திரும்பினா கழுத்துதான் சுளுக்கும். உங்ககிட்ட எது நின்னா மறுபடி ஆரம்பிக்க முடியாது? அதை மட்டும் சொல்லுங்க" என்றாராம். இயந்திரத்துக்கு உறை போட்டு மூடிவைக்கலாம், கொசுவை முடியாது. பணம் வருகிற துறைகள் கொஞ்சம் பொதுவில் போட்டு அப்படிப்பட்டவற்றைக் காப்பாற்றுவது, ஆட்களையும் பகிர்ந்துகொள்வது என்பது அவர் ஏற்பாடு.

பேட்டரிக்காரர் குதித்தார். "நாங்க வாங்கின காசுல கொசு வளர்க்கணுமா?"

"ஆமா. உங்க முறையும் வரும்" என்றார் அம்மாள்.

அதிலிருந்து அக்காவுக்குக் காலையில் பேட்டரி ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற வேலை, மதியம் கொசு. சம்பளம் குறைந்தது. வேலையை மறுத்தவள் என்று பேட்டரிக்காரர் அவள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொசுவிடம் போய்விடுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே புலம்பினேன்.

சில வருடங்களில் காய்ச்சல் பரவியது. அரசாங்கத்துக்குக் கொசு ஞாபகம் வந்தது. அக்காவுக்கு முழுச் சம்பளம் திரும்பியது. பேட்டரிக்கு வந்த பணம் சுருங்கியது.

ஒரு மதியம் கொசு அறை வாசலில் பேட்டரிப் பேராசிரியர் வந்து நின்றார். வருடக்கணக்காக இரவுபகல் சார்ஜ் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் ஒரு வரிசை பேட்டரிகள் அவரிடம் இருந்தன. நடுவில் நின்றால் சோதனை பாழ். மின்சாரச் செலவைப் பொதுப்பணம் ஏற்றுக்கொண்டது. தினமும் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"காலையில மட்டும் நீங்க வந்து பாத்துக்க முடியுமா?" என்று வெளியிலிருந்தே கேட்டார்.

"முதல் கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க சார், பேசலாம்" என்றிருக்கிறாள்.

வீட்டில் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் மூஞ்சியைப் பாக்காத மனுஷன்க்கா! முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதுவும் நின்னா திரும்ப வராதாம்டி" என்றபடி சாப்பிட உட்கார்ந்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மறுநாள் அலமாரியிலிருந்த கொசுவத்திப் பெட்டியை எடுத்துப்போய்க் கடைக்காரரிடம் நீட்டினேன்.

"இத்தனை வருஷம் கழிச்சுத் திருப்பித் தர்றீங்களே, காசு கிடைக்காதும்மா" என்றார்.

"காசு வேண்டாம். எங்க வீட்ல இனிமே இது தேவைப்படாது" என்று வைத்துவிட்டு வந்தேன்.