தந்த வேலைப்பாடு

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். அதைப் பெரியம்மா எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். "உன் சித்தி யானைத் தந்தம் விக்கிறாளாம். அதிகாரிங்க மேஜையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? சித்தியை வீடியோவில் கூப்பிட்டேன். மூடிக் கிடந்த ஒரு கடை ஷட்டர் முன்னால் நின்றிருந்தாள்.

"ஆமாண்டா, சமையல்கட்டுல யானை கட்டி வெச்சிருக்கேன். தீனி போட்டுட்டுத்தான் வந்தேன்!"

சித்திக்கு பேக்கரியில் முட்டை உடைக்கிற வேலை. ஓடுகளை வீட்டுக்கு அள்ளி வருவாள். உள்தோலை உரித்து, காயவைத்து, நொறுக்கி, டீ வடிகட்டியில் சலிப்பாள். மேஜைப் பலகையில் கொக்கு வடிவில் குடைந்த பள்ளத்தில் அதை நிரப்பிப் பசை ஊற்றி, இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளை வெளேரென்று கொக்கு வரும். கண்ணுக்குக் காபித்தூள். காலுக்கு, எரிந்துபோன மிக்சி மோட்டாரில் உருவிய செம்புக் கம்பி. "இந்த வீட்ல இன்னும் உடைக்காம விட்டது என்னை மட்டும்தான்" என்பார் சித்தப்பா.

கொக்கு மேஜையை விற்பனைக்கு வாங்கிய மரச்சாமான் கடைக்காரரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மேஜைமேல் வைக்கும் அட்டையில் தன் பேர் வேண்டும். அவர் எழுதியது, 'தந்த வேலைப்பாடு.'

"யார் தந்த? பேரு எங்க?"

"நீங்க தந்ததுதானேக்கா. அது ஊருக்கே தெரியும், பேரு எதுக்கு?"

சித்தியும் தலையாட்டிவிட்டாள். கடைக்கு வந்தவர்களோ அதை யானைத் தந்தம் என்று படித்தார்கள். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள்.

"முட்டை ஓடுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அட்டை எழுதின கடைக்காரரே ஆபீசுக்கு வந்து சொல்லணுமாம். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா கொக்கைப் பேத்தெடுத்து சோதனைக்கு அனுப்புவாங்களாம். பேத்தா தூளாயிடும்டா!"

"வக்கீல் யாரையாவது பார்க்கலாம் சித்தி. கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமையாவா? என் பேரை எழுத அவனுக்குக் கை வரல, யானை பேரை எழுத மட்டும் வந்துச்சா? தந்தம்னு சொன்ன வாயாலேயே முட்டைன்னு சொல்ல வைக்கிறேன் பாரு."

"அவர் போனை எடுக்கலையா?"

"கடையையும் மூடிட்டான். என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டான்." பேக்கரித் தோழியிடம் வாங்கி வந்திருந்த போனில் எண்ணை அழுத்தினாள்.

ஷட்டருக்கு உள்ளே மணி அடித்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஷட்டரை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "எடுய்யா!"

உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது.