மண்ணுக்குள் நெருப்பு

சின்னம்மா ஒரு பயத்தங்காயைப் பறித்துக் கட்டைவிரலால் நீவினார். விரல் கறுத்தது. "பாத்தியா, கழுவினாலும் வாசம் போகாது," என்றார்.

என் அம்மாவின் தங்கையான அவருக்கு ஜெஞ்சாரோமில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் காய்கறி நிலம். நான் அப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்தேன். ஓய்வு நாள்களில் கீரை கட்டிக்கொடுக்கப் போவேன். அந்த வருஷம் செம்பனைக்குப் பின்னால் யாரோ தகரக் கொட்டகை போட்டுப் பிளாஸ்டிக் கழிவை எரிக்கத் தொடங்கினார்கள். மாலையானால் புகை தரையோடு தவழ்ந்து வரும். பயத்தம்பூக்கள் காய் பிடிக்காமலே உதிர்ந்தன. கங்கோங் கீரையின் இலை ஓரங்கள் பொசுங்கின. கிள்ளான் பாசாரில் வழக்கமாக வாங்குகிறவர்களே முகர்ந்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள்.

புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வருவதற்குள் வறட்சி வந்துவிட்டது. ஒரு நண்பகலில் கொட்டகையிலிருந்து பறந்த தீப்பொறி நிலத்தின் மூலையில் விழுந்தது. அது சதுப்புமண், காய்ந்தால் மண்ணே விறகு. மேலே தீ தெரியவில்லை, காலடியில் சூடு மட்டும் ஏறியது. பொம்பாவின் தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பாய்ச்சியும் பல நாள் புகைந்தது. அணைந்தபோது அந்த மூலை முழங்கால் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தது. மிஞ்சிய சாம்பலில் ஊற்றிய தண்ணீர் ஒட்டாமல் ஓடியது.

"பாலைவனத்த படத்துலதான் பாத்திருக்கேன். நம்ம நெலத்துக்கே வருமா?" என்று கேட்டார் சின்னம்மா.

மறுநாள் காலை கழிவேற்றிய லோரி வந்தபோது அவர் பாதையின் நடுவில் போய் நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறினார். லோரி ஓட்டி வந்தவரும் தமிழர், என் வயதுதான் இருக்கும்.

"ஆன்டி, தள்ளுங்க லா. லோட் எறக்கணும்."

"எறக்கினா கொளுத்துவானுங்க. ஒன் வீட்ல என்ன பிளாஸ்டிக்கா சமைக்கிறீங்க?"

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். லோரி உறுமியபடி நகர்ந்து நகர்ந்து சின்னம்மாவின் முகத்துக்கு நேரே வந்தது. அவர் கண் இமைக்கவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் அடங்கிய பிறகே திறந்தேன்.

"பாஸ் கேட்டா ரோட்ல ஆள் நிக்குதுன்னு சொல்லிக்கிறேன்," என்று முணுமுணுத்துவிட்டு அவர் லோரியைப் பின்னாலேயே எடுத்தார். அடுத்த நாள் அக்கம்பக்கத்து விவசாயிகளும் வந்து நின்றார்கள். அந்த வாரமே அதிகாரிகள் கொட்டகையைப் பூட்டினார்கள்.

புகை நின்றபின் பயறு மறுபடி காய்த்தது. வெந்துபோன மூலை மட்டும் இன்னும் திரும்பவில்லை. சின்னம்மா வாய்க்காலை அடைத்து நீர் தேக்கி, செம்பனைச் சக்கையைப் பரப்பி வருகிறார். போன மாதம் அங்கே கொஞ்சம் புல் முளைத்திருந்தது. களைதானே என்று பிடுங்கக் குனிந்தேன்.

"விடு லா," என்று அதட்டினார். "மொதல்ல ஏதாச்சும் ஒண்ணு வேர் பிடிக்கட்டும்."