ஒரே நம்பரில் ஒரு பள்ளிக்கூடம்

நெட்டக்காவுக்கு வாய் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் மறைத்துவிட்டதாகப் பேசக் கூடாது. இரண்டு கம்ப்யூட்டர், இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், கை ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் அவளுடைய நெட் கடை. அடுத்த கடை என்னுடையது. நான் துணி தைக்கிறவள். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு என்பதால், அவள் கம்ப்யூட்டரைத் திட்டுவதும், அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்ட அரசாங்கத்தைத் திட்டுவதும் நாள் முழுக்க என் காதில் விழும். 'கோபப்படாதீர்கள், அதற்கு நான் இருக்கிறேன்' என்று அவளே ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருந்தாள். அங்கே ஒரு டாக்டரோடு சண்டை. யார் மேல் தப்பு என்று நான் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். வேலை போனதும் இந்தக் கடையைப் பிடித்தாள். மகன் வெளியூரில் வேலையாக இருக்கிறான். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார், வாயே திறக்காத மனுஷர். கேட்டால், "எனக்கும் சேர்த்து அவளே பேசிடுறா, நான் எதுக்கு?" என்பார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி. என் மகள் அங்கேதான் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். முன்பெல்லாம் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போதும். பெரிய டீச்சர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிப் பெயர் கேட்பார், எழுதிக்கொள்வார், முடிந்தது. திடீரென்று ஒரு வருஷம், எல்லாம் ஆன்லைன் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளும் மறுபடி பதிய வேண்டுமாம். பள்ளிச் சுவரில் ஒரு போஸ்டர்: சோபாவில் சாய்ந்தபடி ஒரு அம்மா லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள், மேலே 'வீட்டிலிருந்தபடியே' என்று கொட்டை எழுத்து. யார் வீட்டிலிருந்தபடி? எங்கள் பக்கம் பாதிப் பேர் கட்டட வேலை, மீதிப் பேர் மில் வேலை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் புருஷனோடு காலையிலேயே வேலைக்குப் போய்விடும். அந்தப் போஸ்டரை அச்சடித்தவனை ஒரு நாள் எங்கள் வீட்டில் உட்கார வைக்க வேண்டும். உட்கார இடம் இருந்தால்.

ஆக எல்லாரும் நெட்டக்கா கடைக்கு வந்தார்கள். விவரமெல்லாம் ஏற்றி முடித்தால் கடைசியில் ஓடிபி என்று ஒரு எண் போனுக்கு வரும். அதைச் சட்டென்று அடிக்காவிட்டால் எல்லாம் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன் இருப்பதோ ஏதோ ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், புருஷன் சட்டைப் பையில். அவருக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார். எடுத்தாலும், "என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு, அழிச்சிட்டேன்" என்பார்.

"அக்கா, உன் நம்பரையே போட்டுடேன்" என்று முதலில் சொன்னது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. நானாகக்கூட இருக்கலாம். அவள் போட்டாள். இணையதளம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. 'வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்தில் காட்டியது. அடுத்த பிள்ளைக்கும் அதே நம்பர், அதற்கடுத்த பிள்ளைக்கும் அதே. ஒரு தடவையாவது 'இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது' என்று அது சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வருஷக் கடைசியில் பள்ளிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாணவர் எண்ணிக்கை நான்கு. எனவே பள்ளி மூடப்பட்டு, பெரிய சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியுடன் இணைக்கப்படுகிறது. கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், 'இது கணினி உருவாக்கிய ஆணை, கையொப்பம் தேவையில்லை.'

நான்கா! அறுபதுக்கும் மேல் பிள்ளைகள் மதியத்தில் கத்துகிற கத்தலில் எனக்குத் தையல் மெஷின் சத்தமே கேட்காது. பெரிய சாலையில் லாரிகள் நிற்காமல் ஓடும். பெரியவர்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடப்போம். என் மகள் அதை எப்படித் தாண்டுவாள்?

கல்வி அலுவலகத்துக்குப் போனோம், நெட்டக்கா முன்னால், பெரிய டீச்சரும் சில பிள்ளைகளுமாக நாங்கள் பின்னால். அங்கே ஒரு கிளார்க் திரையைப் பார்த்துவிட்டுச் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "ஒரே நம்பர்ல எத்தனை பேர் இருந்தாலும் சிஸ்டம் ஒரே ஆளாத்தான் எடுத்துக்கும். உங்க பள்ளிக்கூடத்துல மூணு பேருக்குத் தனி நம்பர் இருக்கு. மத்ததெல்லாம் ஒரே நம்பர். மூணும் ஒண்ணும் நாலு."

நெட்டக்காவுடைய நம்பர்தான் அந்த 'ஒன்று'. அறுபது பிள்ளைகளும் அதற்குள் போய் அடைந்துவிட்டார்கள். பேச்சு நின்று நான் அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு பேச்சு வந்தது. "சரி சார், தெரியாம நடந்துபோச்சு. நம்பரை மாத்திடுங்க. ஒவ்வொருத்தர் வீட்டு நம்பரும் நான் வாங்கித் தர்றேன்."

"எடிட் பண்றது மூடியாச்சும்மா. அடுத்த வருஷம்தான் திறக்கும்."

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே இருக்காதே!"

கிளார்க் கையை விரித்தார். அவருக்கு மேலே இருந்த அதிகாரியிடம் போனோம். கண்ணாடி போட்டவர், தங்க நிறப் பேனா. பெரிய டீச்சர் கும்பிடாத குறையாகக் கேட்டார்: "சார், ஒரு தடவை நேர்ல வந்து பிள்ளைங்களை எண்ணிப் பாருங்க."

"நேர்ல எண்ணறதுக்கு விதி கிடையாதே மேடம். சிஸ்டத்துல இருக்கறதுதான் கணக்கு."

இதைக் கேட்டதும் எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்! இரண்டு கண்ணும் நல்லாத் தெரிகிற மனுஷன், கண்ணாடி வேறு, எதிரே பிள்ளைகள் நிற்கிறார்கள், பார்க்க விதி இல்லையாம். கொள்கை முடிவு என்றார். யார் எடுத்தது என்று கேட்டால் மேலே கையைக் காட்டினார். மேலே கேட்டால் மென்பொருள் செய்த கம்பெனியைச் சொன்னார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால், துறை கேட்டபடிதான் செய்தோம் என்றார்கள். ஆன்லைனில் புகார் கொடுத்தோம். 'உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. யாருக்குத் திருப்தி?

"மூடச் சொன்னது யாரு சார்? பேரை மட்டும் சொல்லுங்க, திட்டிட்டுப் போயிடறேன்" என்று நெட்டக்கா அந்த வராந்தாவில் நின்று கத்தினாள். வரிசையில் நின்ற சனம் சிரித்துவிட்டது. அதிகாரிக்கு மூஞ்சி சிவந்தது. அதை யாரோ செல்போனில் படம் பிடித்து விட்டார்கள், ஊரெல்லாம் பரவியது. துறைக்கு அவமானம். உடனே ஒரு ஆளைப் பிடித்துப் பழியைப் போட வேண்டுமே! அமைச்சரைப் போட முடியுமா? கம்பெனியைப் போட முடியுமா? நெட் கடைக்காரி இருக்கவே இருக்கிறாள். 'தனியார் நெட் கடையின் மோசடியால் தவறான பதிவு' என்று அறிக்கை விட்டார்கள். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.

நானும் கூடப் போனேன். கண்ணாடி அதிகாரி எங்களுக்கு முன்பே வந்து இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்றோம். இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் காணாத முகம். புகாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து எங்க சார்?"

"இது சிஸ்டத்துல இருந்து வர்றது. கையெழுத்து தேவையில்லை."

"கம்ப்யூட்டர் புகார் கொடுத்தா நான் எடுக்க முடியாது சார். நாளைக்குக் கோர்ட்டுல கூப்பிட்டா கம்ப்யூட்டரா வந்து நிக்கும்? ஆள் வேணும்."

அதிகாரி நெளிந்தார். போன் செய்தார், யாரோ மறுமுனையில் கத்தினார்கள். கடைசியில் தங்கப் பேனாவைத் திறந்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் இன்னொன்று கேட்டார்: "இந்தம்மா பதிஞ்ச பிள்ளைங்க நிஜமா, பொய்யா? அதையும் எழுதுங்க. பொய்னா வேற பிரிவு போடணும்."

அங்கேதான் அவர் மாட்டினார். பொய்ப் பிள்ளைகள் என்று எழுதினால், அந்தப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் புத்தகமும் சீருடையும் அனுப்பியது யார் என்று கேள்வி வரும். அனுப்பியது அவருடைய அலுவலகம். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க நிஜம்தான். நம்பர்தான் பொய்."

"பள்ளிக்கூடத்துல மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"அறுபத்தி மூணு."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். முழுப் பெயர், பதவி, முத்திரை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அக்காவை உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று அழ ஆரம்பித்துவிட்டேன். ஆனால் நெட்டக்கா என் காதில் கிசுகிசுத்தாள்: "ஏண்டி அழற? எண்ண மாட்டேன்னு சொன்ன ஆளு எண்ணிட்டாருடி."

அக்கா ஜாமீனில் வந்ததும், புகாரின் நகலோடும் பள்ளியை மூடும் ஆணையோடும் பெற்றோர்கள் எல்லாரும் கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி அம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நாலு பேர்தான்னு பள்ளிக்கூடத்தை மூடறீங்க. அறுபத்தி மூணு பேர்னு இவங்க மேல கேஸ் போடறீங்க. எதுங்க உண்மை?" அரசாங்க வக்கீல் வாய்தா கேட்டார். நெட்டக்கா மேலுள்ள வழக்கு முடியும்வரை பள்ளியை மூடக் கூடாது என்று உத்தரவானது. பள்ளி திறந்தது. மதியத்தில் மறுபடி கத்தல், என் மெஷின் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

சந்தோஷப்பட்டோம் என்று சொன்னால் பாதி உண்மை. மூடச் சொன்னவன் மேல் வழக்கு இல்லை. நம்பரைச் சரிபார்க்காத இணையதளத்தைச் செய்தவன் மேல் வழக்கு இல்லை. எண்ண மறுத்த அதிகாரி பதவி உயர்வோடு வேறு அறைக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைச் சாத்திவிட்டுக் கோர்ட் வாசலில் கால் கடுக்க நிற்பது நெட்டக்கா ஒருத்திதான். அரசு அங்கீகாரம் பெற்ற சேவை மையம் ஆக வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. வழக்கு இருக்கிறவர்களுக்கு அது கிடைக்காது. என் வயிற்றெரிச்சலை நான் யாரிடம் போய்க் கொட்டுவது?

போன வாரம் அதே அதிகாரி அவள் கடைக்கே வந்தார். கை ஒடிந்த நாற்காலியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். ஒரு தாளை நீட்டினார், குரலில் தேன்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. சமாதானமாப் போயிடலாம். நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். கேஸ் முடிஞ்சிடும். உங்க சேவை மையத்துக்கும் நானே பரிந்துரை பண்றேன்."

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மெஷினை நிறுத்திவிட்டேன். போட்டுவிடு அக்கா, உனக்கு விடிவு வரட்டும் என்று ஒரு மனசு. இன்னொரு மனசில் என் மகள் பெரிய சாலையோரம் நிற்கிறாள்.

"கேஸ் முடிஞ்சா பள்ளிக்கூடம்?" என்று அவளே கேட்டாள்.

"அது கொள்கை முடிவு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையே."

நெட்டக்கா தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். கத்தவில்லை.

"வேணாம் சார். கேஸ் பாட்டுக்கு நடக்கட்டும். நான் குற்றவாளியாவே இருந்துட்டுப் போறேன். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கட்டும்."