முகவரி பொருந்தவில்லை

கடன் அட்டையின் முகவரிச் சோதனை களவைத் தடுப்பதை யாவரும் அறிவர். அது களவற்ற ஒருவரையும் தடுத்ததை நானறிவேன். ஆதலின் இதனை எழுதிவைத்தல் கடனாயிற்று.

இரண்டாயிரத்தின் பின்னான ஆண்டுகளில், ஊரில் ஆசிரியராயிருந்த நான், ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் இணையவழி விமானச்சீட்டு விற்கும் தமிழர் நிறுவனமொன்றில் அட்டைகளைச் சரிபார்த்து வந்தேன். வாங்குபவர் இடும் வீட்டிலக்கமும் அஞ்சற்குறியும் அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்லும். பொருந்துகிறதா என்று வங்கி விடையிறுக்கும். ஜெர்மன் வங்கிகள் பெரும்பாலும் விடை தருவதில்லை. இங்கிலாந்து வங்கிகள் தரும்.

ஒரு முற்பகலில் பீலெஃபெல்ட் என்னும் ஜெர்மன் நகரிலிருந்து யேசுதாசன் என்பவர் அழைத்தார். மன்னாரில் அவருடைய தாயார் காலமாகிவிட்டார். அன்று மாலை விமானத்தைத் தவறவிட்டால் அடக்கத்துக்குப் போய்ச்சேர இயலாது.

"அண்ணை, அக்கா லண்டனிலயிருந்து தன்ர காட் நம்பர் தந்தவா. எடுக்குதில்லை."

"எந்த விலாசம் போட்டனீங்கள்?"

"என்ர விலாசம்தான். போறது நான்தானே!"

"காட் ஆற்றையோ அவையின்ர விலாசம் போடவேணும், தம்பி. எத்தினை தரம் அமத்தினீங்கள்?"

"எடுக்கேல்லை எண்டு சொல்லச் சொல்ல அமத்தினன். நான் களவெடுக்கேல்லை, அண்ணை."

முகவரி பொருந்தாமையால் எங்கள் கணினி ஒவ்வொரு முறையும் சீட்டை மறுத்தது. வங்கியோ பணத்துக்கு ஒப்புதல் அளித்து, அத்தொகையை ஒவ்வொரு முறையும் ஒதுக்கிவைத்துவிட்டது. தமக்கையின் முகவரியை இட்டபோது அட்டையின் வரம்பு தீர்ந்திருந்தது. வங்கியை அழைத்தேன். அட்டைக்குரியவரே பேசவேண்டும் என்றனர். அவர் அதற்குள் கொழும்புக்கு விமானம் ஏறியிருந்தார்.

சீட்டைக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு பெறலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"மாஸ்டர், போன கிழமையும் ஒருத்தன் அழுதுதான் கேட்டவன். அது களவுக் காட். என்னால ஏலாது."

யேசுதாசன் நண்பர்களிடம் காசு திரட்டித் தொடருந்தில் வந்துசேருமுன் கடைசி இருக்கையும் விற்றுப்போயிற்று. எங்கள் அலுவலக வாயிலில் காசுறையைக் கையில் பிடித்தபடி நின்றார். முதலாளி தேநீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் அழைத்தார்.

"அக்கா போனைப் பெட்டிக்குக் கிட்டப் பிடிச்சவா, அண்ணை. பாட்டுக் கேட்டது. பிறகு மண் விழுற சத்தம். அதோட நான் வைச்சிட்டன்."



உறவினர் அட்டையை நமதெனக் கொள்ளும் இனத்தவர் நாம். வங்கி அவ்வுறவை அறியாது. ஒருமுறை மறுக்கப்பட்டால் மீண்டும் அழுத்தாது, அட்டைக்குரியவரை உடனே வங்கியுடன் பேசச் சொல்லுங்கள். நான் கூறிய நடைமுறையில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க. வேறொருவர் இதனை நம்பித் தம் தாயாரிடம் புறப்படக்கூடும்.