குடைக்குக் கட்டிய வாழைமரம்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையம் எப்படிப் பிறந்தது என்று கூட்டங்களில் பேசுகிறவர்களில் ஒருவர், குண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத வலை வேண்டும் என்று ராணுவம் நினைத்தது என்பார். இன்னொருவர் எழுந்து, அதெல்லாம் கட்டுக்கதை, விலை ஜாஸ்தியான கணினிகளைப் பல ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளத்தான் என்பார். இரண்டு பேருக்கும் கைதட்டிவிட்டு காப்பி குடிக்கப் போய்விடுவேன். என்னைக் கேட்டால், அது என் அம்மா மாதிரி ஆட்களின் பயத்தில் பிறந்தது.

எழுபதுகளில் நான் பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போனபோது, அம்மா என் பெட்டியில் ஒவ்வொரு முறையும் ஓர் அஞ்சலட்டையை வைத்துவிடுவாள். விலாசம் அவளே எழுதியிருப்பாள். பின்பக்கத்தில், "சௌக்கியமாக வந்து சேர்ந்தேன்" என்றும் அவளே எழுதியிருப்பாள். தபால் பெட்டியில் போடுவது ஒன்றுதான் என் வேலை. நாலு நாளில் அட்டை போய்ச் சேராவிட்டால் தந்தி வரும். தந்திக்கும் பதில் இல்லை என்றால் மாமா வந்து ஹாஸ்டல் வாசலில் நிற்பார். ஒருமுறை நின்றார், மாணவர்கள் ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதே வருஷம்தான் வகுப்பில் அந்தப் புது முறையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் அனுப்புவது. வந்து சேர்ந்தது என்று பதில் வரும்வரை காத்திருப்பது. வராவிட்டால் மறுபடி அனுப்புவது. வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கு அட்டைதான் ஞாபகம் வந்தது. இதைக் கண்டுபிடித்தவன் எவனோ ராத்திரி தூங்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில், அங்கே ஒரு சின்ன அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஓர் அறை, ஒரு கணினி, மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு டிஷ். ஊரில் எல்லாரும் அதைக் குடை என்றார்கள். குடை வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்க்கும். நாங்கள் தட்டும் செய்தி அங்கே ஏறி, தலைமை நிலையத்தில் இறங்கி, எந்த மாவட்டத்துக்கோ அந்த மாவட்டத்தின் பெயர் போட்ட பெட்டியில் போய் உட்காரும். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கணினியைத் திறந்தால் எடுத்துக்கொள்ளலாம். மழையளவு, நெல் விலை, இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். எனக்கு எல்லாவற்றிலும் பயம். இடி இடித்தால் பயம், குரங்கு மாடிக்கு வந்தால் பயம், மேலதிகாரி வந்தாலும் பயம்.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் கணினியில் தட்டுகிற ஆபரேட்டர் பெண். கணவருக்கு வடக்கே ராணுவத்தில் வேலை. மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். மாமியார் வீடு, நம் பக்கத்து ஆறு கடலில் சேருகிற மாவட்டத்தில், கரையை ஒட்டிய தெருவில் இருந்தது. இன்னொருவர் ஐம்பது தாண்டிய பியூன். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் கலெக்டரே வந்தாலும் விடமாட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் பூஜை போட்டோம். கணினிக்கு மாலை, விசைப்பலகைக்குச் சந்தனம் குங்குமம். வாசலுக்கு வாழைமரம் கட்டியதுபோக இரண்டு மரம் மிஞ்சியது. பியூன் என்னிடம் வந்தார்.

"சார், குடைக்கும் ரெண்டு பக்கம் கட்டிடட்டுமா? அதுதான சார் நம்ம மெயினான ஆயுதம்."

குடையின் முன்னால் எதுவும் வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சாமி காரியத்துக்கு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு தைரியம்? "கட்டுங்க, கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க," என்றேன். நானே போய்ப் பார்த்தேன். தள்ளித்தான் இருந்தது. மூன்று பேரும் பொரி சாப்பிட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். பூஜை போட்ட கருவியை மறுநாள் முழுக்கத் தொடமாட்டார்கள், அதற்கடுத்த நாள்தான் எடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம்.

மறுநாள் விடிந்தபோது காற்றும் மழையும். காலை பத்து மணிக்கு நான் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் கலெக்டர் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. ஆற்று அணை நிரம்பிவிட்டது, பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் திறக்கிறார்கள், இருட்டும் நேரத்துக்குத் தண்ணீர் கடலோர மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார் வந்தவர். விடியற்காலையிலேயே இந்த ஊர் டெலிபோன் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. போலீஸ் வயர்லெஸ் கரகரக்கிறது. ஆள் அனுப்பியிருக்கிறோம், வழியில் பாலம் இருக்கிறதோ இல்லையோ.

"உங்க குடை வழியா சொல்லிட முடியும்தானே?" என்றார்.

முடியும் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

நான் போனபோது அந்தப் பெண் நனைந்துபோய் வாசலில் நின்றிருந்தாள். ஊர் ஓரத்து வேங்கிக்காலில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவளுக்கு எப்படியோ செய்தி எட்டிவிட்டது. பியூன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பூஜ போட்டு வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாது சார். குத்தமாயிடும்."

அவள் சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தாள். மாலையை எடுத்துக் கீழே போட்டாள். விசைப்பலகையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கணினி உயிர் பெற்றது. ஆனால் செயற்கைக்கோள் பிடிபடவில்லை. திரையில் ஒரே வரி, இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கணினிக்குள் இருந்த சர்க்யூட் அட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கேபிளை மாற்றினேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கரண்டு விட்டு விட்டு வந்தது, பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். பன்னிரண்டு அடித்தபோது நாங்கள் மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

அவள்தான் கேட்டாள். "சார், நேத்து மத்தியானம் வரிக்கும் நல்லாத்தான இருந்துது? அதுக்கப்புறம் புதுசா இன்னா வந்துது?"

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. மாடிப்படி ஏறினோம். காற்றில் இரண்டு மரங்களும் கயிறோடு சாய்ந்து, ஈரத் தழைகளெல்லாம் குடைக்குள் கவிழ்ந்து கிடந்தன. மழையில் நனைந்த வாழை இலை என்பது முக்கால்வாசி தண்ணீர். அதைத் தாண்டி எந்த அலையும் போகாது.

"யார் இத இங்க கட்டுனது?" என்று அவள் கத்தினாள். பியூனைப் பார்த்துத்தான் கத்தினாள். "அறிவில்ல உங்களுக்கு? எம் பொண்ணு அங்க கீறாய்யா!"

பியூன் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்திருப்பார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அரிவாளை எடுத்து, அவரே கட்டிய மரத்தை அவரே வெட்டினார். நான் தழைகளை இழுத்துப்போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

கீழே வந்தபோது இணைப்பு வந்திருந்தது. அவள் செய்தியைத் தட்டினாள். அணை, நேரம், தண்ணீரின் அளவு. கடைசியில் அவளாக ஒரு வரி சேர்த்தாள். கரையோரத் தெருவில் ஆபரேட்டரின் மூன்று வயது மகள் இருக்கிறாள். சொந்த விஷயத்தை அரசாங்கச் செய்தியில் போடக்கூடாது. நான் தடுக்கவில்லை. அரை நிமிஷத்தில் தலைமை நிலையத்திலிருந்து பதில் வந்தது: கிடைத்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போய்ச் சேந்துடுச்சிம்மா!" என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யார் சார் பாத்தாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தி அந்த மாவட்டத்தின் பெட்டிக்குப் போயிருக்கிறது. பெட்டியைத் திறக்க ஆள் வேண்டும். அங்கேயும் நேற்று பூஜை போட்டிருப்பார்கள். அங்கேயும் கணினிக்கு மாலை போட்டு, பூட்டி, இன்றைக்குத் தொடக்கூடாது என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். தமிழ்நாட்டில் இருந்த ஒவ்வொரு நிலையமும் அன்றைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கிடைத்தது என்று சொன்னது இயந்திரம். மனிதன் ஒருவனும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் அனுப்பு," என்றேன். "இந்தியா பூரா. எவனாவது முழிச்சிருப்பான்." அந்தக் கடலோர ஊரின் போலீஸ் டெலிபோன் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். என் வேலைக்காலத்தில் நான் பயத்தை மீறிச் சொன்ன உத்தரவு அது ஒன்றுதான்.

பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ஒன்றும் இல்லை. மறுபடி அனுப்பினோம். மூன்றாவது தடவைக்குப் பதில் வந்தது. வடகிழக்கு மலையில் ஏதோ ஒரு ஊர், அதுவரை நான் பெயரே கேட்டிராத ஊர். இங்கே இன்று வேலை நாள், என்று இருந்தது. டிரங்க் கால் போடுகிறேன், காத்திருக்கவும்.

நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அவன் எத்தனை எக்ஸ்சேஞ்சைத் தாண்டினானோ. மூன்றே முக்காலுக்கு இன்னொரு வரி வந்தது. போலீஸ் எடுத்தார்கள், சொல்லிவிட்டேன், குழந்தை என்ன ஆயிற்று என்று தெரிந்ததும் எழுதவும். அவள் பதில் தட்டக் கையை வைத்தாள். கரண்டு போயிற்று. பேட்டரி ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

மறுநாள் காலை கரண்டு வந்ததும் நான்தான் கணினியைத் திறந்தேன். அவள் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள், அந்தப் பக்கத்து வண்டி ஏதாவது வருமா என்று. பெட்டியில் ஒன்பது செய்திகள். ஒன்பதும் மலையூர்க்காரனுடையவை, ஒன்பதிலும் ஒரே வரி. குழந்தை வந்துவிட்டதா? இன்னும் தெரியவில்லை என்றாவது நான் பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. கெட்ட செய்தியைத்தான் அடுத்தபடி அனுப்ப வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் விசைப்பலகையைத் தொடவே முடியவில்லை. அடுத்த நாள் அது பதினேழாக ஏறியது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அறைக்குள் வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் மாமியார். செருப்பைக் கழற்றச் சொல்ல பியூனுக்கே தோன்றவில்லை. வீடு போய்விட்டது. சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, தெருவையே பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினாராம்.

"இன்னாமோ பாஷைல போன் வந்துதாம்," என்றார் மாமியார். "பாப்பா, பாப்பான்னு ஒருத்தன் கத்துனானாம். அந்த ஒரு வார்த்தையத்தான் எங்கியோ கத்துக்கினான் போல."

அவள் உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "சார், அவருக்கு பதில் போட்டீங்களா?"

நான் நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தட்டினாள். வந்து சேர்ந்தாள். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து, கிடைத்தது, என்று வந்தது. அதோடு அவன் கேட்பதை நிறுத்தினான்.

பிறகு அவள் பியூன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்கண்ணா."

"அத வுடும்மா. பாப்பா வந்துச்சே, அது போதும்," என்றார் அவர். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் ஓய்வு பெற்றார், அவளுக்கு மாற்றல் வந்தது, நானும் ஊர் மாறினேன். போய்ச் சேர்ந்ததா, போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற இயந்திரங்களோடு மிச்ச வருஷங்களைக் கழித்தேன். அனுப்பாத செய்தியைப் பற்றி அவை கேட்பதில்லை. அந்த ஆபரேட்டர் பெண்ணுக்கு நான் அனுப்பாதது இதுதான்: வாழைமரத்தைக் கட்டச் சொன்னது நான்தாம்மா.